மாடி டீச்சர் பதில்கள்: சென்டரிலிருந்து வந்த பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

போன மாதம் இந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி போட்டிருந்தேன்: ‘குடி, கஞ்சா, மாத்திரை என்று போய்த் திரும்பி வந்த பிள்ளைகளின் படிப்பு பற்றிக் கேள்வி இருந்தால் எழுதுங்கள்.’ வழக்கமாக எனக்கு வரும் கடிதங்களில் பெயர், ஊர், பையன் வாங்கிய மார்க் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் பெயரே இல்லை. ஒன்றில் அனுப்புநர் இடத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தது. அதனால் யார் பெயரையும் போடவில்லை. ஊரை மட்டும் சொல்கிறேன். அதிலும் இரண்டு ஊரை மாற்றியிருக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் சேலத்தில் 31 வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்தவள். டாக்டரும் இல்லை, கவுன்சலரும் இல்லை. ஓய்வு பெற்றபின் அஸ்தம்பட்டியில் என் வீட்டு மாடியில், சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழு வரை, சிகிச்சை முடித்து வந்த பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்கிறேன். எட்டே நாற்காலி. நான் சொல்வதெல்லாம் அங்கே உட்கார்ந்து பார்த்ததுதான்.

“என் மகனுக்கு 16 வயது, ப்ளஸ் ஒன். கஞ்சா, கூடவே பீர். 45 நாள் போதை மீட்பு சென்டரில் இருந்துவிட்டு வந்து இரண்டு வாரம் ஆகிறது. நன்றாக இருக்கிறான். ஆனால் பள்ளியில் ‘டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், மற்ற பெற்றோர்கள் கேள்வி கேட்கிறார்கள்’ என்கிறார்கள். என் அண்ணன், ‘ஏற்காட்டில் ஹாஸ்டலோடு ஒரு பள்ளியில் போட்டுவிடு. குளிர்ந்த ஊர், கெட்ட சகவாசம் இருக்காது, சரியாகிவிடுவான்’ என்கிறார். நகையை வைத்தால் பணம் புரட்டிவிடுவேன். போடலாமா டீச்சர்?”
– ஒரு தாய், அம்மாப்பேட்டை

நகையை வைக்காதீர்கள் அம்மா.

அண்ணன் நல்லதுக்குத்தான் சொல்கிறார். எனக்கும் ஏற்காடு பிடிக்கும். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்து, காது அடைத்து, சில்லென்று காற்று முகத்தில் பட்டதும், கீழே இருந்ததெல்லாம் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது போலத்தான் இருக்கும். பிள்ளையின் பிரச்சினையும் அப்படி நின்றுவிடும் என்று நம்பித்தான் நம் ஊர்க்காரர்கள் மலைக்கு அனுப்புகிறார்கள். டாஸ்மாக் எப்போதோ மலை ஏறிவிட்டது. கஞ்சாவுக்கும் அந்த வளைவுகள் பெரிய தடை இல்லை.

1917-ல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளியிலிருந்து எண்ணினால் ஏற்காட்டுக்கு ஹாஸ்டல் பள்ளிகள் நூறு வருஷப் பழக்கம். அவை நன்றாகப் படிக்க வைக்கத்தான் இருக்கின்றன. உங்கள் மகனுக்கு இந்த நேரத்தில் வேண்டியது வேறு. அவன் அங்கே போனால் முதல் நாளே ஒரு பொய்யோடு தொடங்க வேண்டும்: ‘ஏன்டா வருஷத்து நடுவுல வந்த?’ என்று பக்கத்துக் கட்டில்காரன் கேட்பான். கஞ்சாவை விட்ட முதல் சில வாரங்களில் தூக்கம் கெடும், கனவாக வந்து கொட்டும், பசி இருக்காது, சும்மா பேசினாலே எரிந்து விழுவான். வீட்டில் இருந்தால் ‘இது அதனால்தான்’ என்று உங்களுக்குப் புரியும். ஹாஸ்டல் வார்டனுக்கு அது ‘திமிர்’. ஒரே ஒரு முறை தடுமாறிவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டியைக் கட்டி அனுப்பிவிடுவார்கள், அவர்கள் விதி அப்படி. அதற்குள் கீழே டாக்டரிடம் போக வேண்டிய நாலு ரிவ்யூ தவறிப் போயிருக்கும்.

இப்போது பள்ளிக்கு வருவோம். ‘டி.சி. வாங்கிக்கோங்க’ என்றதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. உங்கள் பையன் ப்ளஸ் ஒன், அந்தச் சட்டம் அவனுக்குக் கை கொடுக்காது. ஆனால் பேச்சு கை கொடுக்கும். சிகிச்சை பார்த்த டாக்டரிடம் ‘மருத்துவக் காரணத்துக்காக இத்தனை நாள் ஓய்வு தேவை’ என்று ஒரு கடிதம் வாங்குங்கள். என்ன நோய் என்று அதில் விவரமாக எழுத வேண்டியதில்லை. அதை எடுத்துக்கொண்டு ஹெச்.எம்.-மிடம் நீங்கள் தனியாகப் போகாதீர்கள், பையனின் அப்பாவையும் கூட்டிப் போங்கள். (அப்பாக்கள் இந்த ஒரு வேலைக்கு மட்டும் ‘நீயே போய்ட்டு வா’ என்பார்கள். விடாதீர்கள்.) டி.சி. கேட்கப் போகவில்லை, விடுப்பு கேட்கப் போகிறீர்கள். என்ன சொல்லியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், டி.சி.-யில் ‘நடத்தை’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அடுத்த பள்ளிக்காரர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அப்படி ஒரு டி.சி.-யை எடுத்து நீட்டிய கை என்னுடையது.

2011. நான் பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு வகுப்பாசிரியை. பஞ்சர் சொல்யூஷனை முகர்ந்து பழகிய ஒரு பையன் 30 நாள் சிகிச்சைக்குப் போய்விட்டு வந்தான். வந்த அன்றைக்கு எண்ணெய் வைத்து வாரி, சட்டையை உள்ளே விட்டு, கடைசி பெஞ்சை விட்டுவிட்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மதியம் ஸ்டாஃப் ரூமில் பேச்சு வந்தது. ‘ரிசல்ட் வருஷம், எதுக்கு வம்பு’ என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் அவன் ஒரு முக்கோணக் கணக்கைப் பாதி போட்டிருந்தான். பியூன் வந்து ‘ஹெச்.எம். கூப்பிடறாங்க’ என்றதும் பேனாவை மூடாமல் எழுந்து போனான். இன்றைக்கு அவன் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்குகிறான். என்னைப் பார்த்தால் பீடியைப் பின்னால் மறைத்துக்கொண்டு ‘வணக்கம் டீச்சர்’ என்பான். நாலு மணிக்கு மேல் அந்தப் பக்கம் போனால் அவனால் வணக்கம் சொல்ல முடியாது.

அந்த முக்கோணக் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. அதனால்தான் யார் புதிதாக மாடிக்கு வந்தாலும் பழைய கணக்கு நோட்டை முதலில் கேட்கிறேன். கணக்கு நோட்டு பொய் சொல்லாது. ஜூன், ஜூலையில் தேதி போட்டு, மார்ஜின் கிழித்து, விடைக்கு இரண்டு கோடு போட்டிருப்பான். ஆகஸ்டில் தேதி மட்டும் இருக்கும். செப்டம்பரில் விடை மட்டும் இருக்கும், நடுவில் படி இருக்காது – பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியது. அக்டோபரில் பேனா ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் குழி விழுந்திருக்கும். எந்தப் பக்கத்தில் படிகள் நின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்து நான் தொடங்குவேன். ப்ளஸ் ஒன் படிக்கிறான் என்பதற்காக ப்ளஸ் ஒன் கணக்கை நீட்டினால் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவான். எட்டாம் வகுப்பு பின்னத்தைக் கொடுத்தால் முதலில் அவமானமாக முறைப்பான், அப்புறம் ஒன்று சரியாக வரும், அப்புறம் இன்னொன்று.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: மூன்று மாதம் புதுப் பள்ளி என்ற பேச்சே வேண்டாம். காலையில் ஒரே நேரத்துக்கு எழுப்புங்கள். ஒரு மணி நேரம் படிப்பு, அதற்குமேல் கட்டாயப்படுத்த வேண்டாம். டாக்டர் ரிவ்யூவைத் தவறவிடாதீர்கள். தனியாரில் செலவு கட்டாது என்றால் நம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள். சென்டரில் ‘பசி, கோபம், தனிமை, அசதி – இந்த நாலும் வரும்போது ஜாக்கிரதை’ என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பள்ளி விடும் நாலு மணிக்கு இந்த நாலும் ஒன்றாக வரும். அந்த நேரத்தில் அவன் எங்கே இருப்பான் என்பதை முதலில் தீர்மானியுங்கள். பள்ளியைப் பிறகு தேடலாம்.

“வெளிநாட்டில் போதையிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்கென்றே தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறதாமே? உண்மையா? அங்கே என்ன சொல்லித் தருவார்கள்? நம் ஊரில் ஏன் இல்லை?”
– ஒரு கல்லூரி மாணவி, ஆத்தூர்

உண்மைதான். அமெரிக்காவில் ‘ரெக்கவரி ஹை ஸ்கூல்’ என்பார்கள். 1979-ல் மேரிலாந்து மாநிலத்தில் ஒன்று தொடங்கியது. 1989-ல் மினசோட்டாவில் தொடங்கியதற்குப் பெயரே ‘சோப்ரைட்டி ஹை’, தெளிந்தவர்கள் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2002-ல் இப்படிப்பட்ட பள்ளிகள் சேர்ந்து ஒரு சங்கமும் அமைத்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசே பணம் கொடுத்து 2006-லிருந்து சில பள்ளிகளை நடத்துகிறது.

என்ன சொல்லித் தருவார்கள் என்றால், எல்லாப் பள்ளியிலும் சொல்லித் தருவதைத்தான். ஆங்கிலம், அறிவியல், அல்ஜீப்ரா. படித்து முடித்தால் மற்றவர்களைப் போலவே ஹை ஸ்கூல் சான்றிதழ். சிகிச்சை முடித்து வந்தவர்களுக்கான பள்ளி அது, சிகிச்சை கொடுக்கும் இடம் இல்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சேர வேண்டும் என்றால் ‘நான் விட நினைக்கிறேன்’ என்று பிள்ளையே சொல்ல வேண்டும். பெரும்பாலும் சின்னப் பள்ளிகள், முப்பது நாற்பது பேர் இருந்தாலே பெரிய கூட்டம். நாளின் ஒரு பகுதியில் வட்டமாக உட்கார்ந்து ‘இன்னைக்கு எப்படி இருக்கேன்’ என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். ஒரு கவுன்சலர் பள்ளியிலேயே இருப்பார். அவ்வப்போது சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தடுமாறிய பிள்ளையை உடனே வெளியே அனுப்புவதில்லை. ‘என்ன நடந்தது, எங்கே, யாரோடு’ என்று உட்கார்ந்து பேசி, தேவையென்றால் சிகிச்சைக்கு அனுப்பி, திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். மறைத்தால்தான் கோபம்.

பலன் இருக்கிறதா? 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சை முடித்து இப்படிப்பட்ட பள்ளியில் சேர்ந்தவர்களையும், சிகிச்சை முடித்துச் சாதாரணப் பள்ளிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆறாவது மாதத்தில் ஒன்றையும் தொடாமல் இருந்தவர்கள் முதல் கூட்டத்தில்தான் அதிகம். பள்ளிக்கு மட்டம் போட்டதும் குறைவு. இரண்டாவதுதான் என் காதில் இனிமையாக விழுந்தது, டீச்சர் புத்தி.

குறையும் உண்டு. ஐம்பது பேருக்குக் குறைவாக வைத்துக்கொண்டு பள்ளி நடத்தினால் கட்டாது. தொடங்கியவற்றில் சிலவற்றை மூடிவிட்டார்கள். இன்னொன்று, ஊரில் ஒரு மூலையில் பள்ளி இருக்கும், பிள்ளை இன்னொரு மூலையில் இருப்பான்.

நம் ஊரில் ஏன் இல்லை என்றால், நாம் சிகிச்சை வரைக்கும்தான் வந்திருக்கிறோம். சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். குடிநோயும் ஒரு நோய் என்று சொல்லி மருத்துவமனை நடத்தியதே அன்றைக்குப் பெரிய காரியம். அடுத்த படி பள்ளிக்கூடம். ‘போதைப் பிள்ளைகள் பள்ளி’ என்று ஒரு போர்டு வைத்தால் நம் சேலத்தில் எந்தத் தாய் அந்த கேட்டுக்குள் பிள்ளையோடு நுழைவாள்? என் மாடிக்கு போர்டே கிடையாது. கீழ் வீட்டில் என் மருமகள் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். தெருக்காரர்கள் எல்லோரும் பையன்கள் சட்டை தைக்க வருகிறார்கள் என்று நினைக்கிறார்கள். எட்டு மாதமாக ஒரே சட்டையா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

“எனக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பையன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான், ஃபெயில். குடித்துப் பழகி, இப்போது விட்டு நாலு மாதம். படிப்பு இனி ஏறாது, பட்டறையிலேயே உட்கார வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். சரிதானே?”
– ஒரு தகப்பனார், சிவதாபுரம்

நாலு மாதம்! முதலில் அவனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

பட்டறைக்கு நான் எதிரி இல்லை. கைவேலை நல்ல மருந்து. கொலுசில் ஒரு கண்ணியைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும்போது மனசு வேறெங்கும் போகாது, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, அவனுக்கு இன்னும் 18 ஆகவில்லை என்றால் ஆசிட், கேஸ் பக்கம் விடாதீர்கள். 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி வளரிளம் பருவத்தினரை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது. இரண்டு, சனிக்கிழமை. உங்கள் பட்டறையில் சனிக்கிழமை சாயங்காலம் கூலி போட்டதும் ஆட்கள் நேராக எங்கே போகிறார்கள்? உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு நடுவில், பையில் பணத்தோடு, உங்கள் பையன்.

படிப்பு ஏறாது என்று நீங்கள் முடிவு கட்ட வேண்டாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது, என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். மத்திய அரசு 1989-ல் தொடங்கியது. 14 வயது முடிந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் போதும், பட்டியலிலிருந்து அவனே தேர்ந்தெடுக்கலாம். வருஷத்துக்கு இரண்டு முறை பரீட்சை. ஐந்தையும் ஒரே நேரத்தில் எழுத வேண்டியதில்லை. இந்த முறை இரண்டு, அடுத்த முறை ஒன்று என்று ஐந்து வருஷத்துக்குள் முடித்தால் போதும். பாஸ் ஆன பாடம் கணக்கில் நிற்கும். இந்தப் பிள்ளைகளுக்காகவே யாரோ யோசித்து வைத்தது போல இருக்கும். ஒரு பரீட்சை நேரத்தில் தடுமாறினால்கூட எல்லாம் போய்விடாது. இல்லை, நம் மாநிலப் பாடத்திலேயே விட்ட பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் எழுதலாம். எதுவாக இருந்தாலும், பிறகு எந்தப் படிப்பில் சேர நினைக்கிறானோ அந்தக் கல்லூரியில் ‘இந்தச் சான்றிதழை எடுத்துக்கொள்வீர்களா’ என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே பதில் வராது.

என் மாடியில் ஒரு பையன் காலையில் பட்டறை, சாயங்காலம் படிப்பு. கூலியை அப்பா அவன் கையில் கொடுப்பதில்லை, போஸ்ட் ஆபீசில் போடுகிறார். பாஸ் புத்தகத்தை அவன்தான் வைத்திருக்கிறான். தினமும் ஒரு முறை எடுத்துப் பார்ப்பான், எண்ணிக்கை மாறியிருக்காது என்று தெரிந்தும்.

“நான் ஒரு தலைமை ஆசிரியர். இப்படிப்பட்ட மாணவன் ஒருவனைத் திரும்பச் சேர்த்தால் மற்ற பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா? நாளைக்கு ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு?”
– ஓமலூர்

ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். அவன் போகும் முன்பு அவனுக்குக் கொடுத்தது யார் என்று விசாரித்தீர்களா? பையனை வெளியே அனுப்பினால் கொடுத்தவன் உள்ளேயே இருப்பான், அல்லது கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடையில் இருப்பான். பள்ளியிலிருந்து 100 கெஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003-ம் வருஷச் சட்டம். 18 வயது ஆகாத பிள்ளைக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுத்தால், டாக்டர் சொல்லிக் கொடுத்ததைத் தவிர, ஏழு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம், இளைஞர் நீதிச் சட்டம் 2015, 77-வது பிரிவு. அந்தப் பெட்டிக்கடைக்காரருக்கு இதை ஒரு முறை வாசித்துக் காட்டிவிட்டு வந்தாலே தெரு கொஞ்சம் மாறும்.

உங்கள் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விட நினைக்காத நாலு பேரை ஒரே இடத்தில் உட்கார வைத்தால் ஒருவரையொருவர் கெடுத்துக்கொள்வார்கள். எட்டு நாற்காலியிலேயே எனக்கு அது நடந்திருக்கிறது, ஒரு முறை பாத்ரூம் ஜன்னலில் பொட்டலம் கிடைத்தது. ஆனால் விட்டவன் ஒருவன் நாற்பது பேருக்கு நடுவில் வந்தால், ஆபத்து நாற்பது பேருக்கு இல்லை, அவனுக்குத்தான். நடைமுறையில் இதைச் செய்யுங்கள்: முதல் மாதம் அரை நாள் வரட்டும். அவனுக்குத் தெரிந்த ஓர் ஆசிரியரை மட்டும் பொறுப்பாக்குங்கள். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பழைய பெஞ்ச் வேண்டாம். பிரேயரில் அவனை முன்னால் நிறுத்தி ‘திருந்தி வந்திருக்கிறான்’ என்று மைக்கில் சொல்லாதீர்கள். ஒரு பள்ளியில் உண்மையிலேயே சொன்னார்கள். கைதட்டல்கூட வந்ததாம். அந்தப் பையன் மறுநாள் வரவில்லை.

“இன்னும் எந்த சென்டரிலும் சேர்க்கவில்லை. 15 வயது. எதைப் பார்த்துச் சேர்ப்பது?”
– எடப்பாடி

2017-ம் வருஷ மனநலச் சட்டப்படி பதிவு செய்த இடமா என்று கேளுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. வீட்டிலிருந்து ஒருவர் கூடவே தங்க வேண்டும். சங்கிலி எந்த வடிவிலும் கூடாது. எல்லாம் சட்டத்தில் இருக்கிறது. ‘பையனை விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் பார்க்க வரக் கூடாது’ என்று சொல்லும் இடத்தின் வாசலிலிருந்தே திரும்புங்கள். தினமும் குடிக்கும் பிள்ளை என்றால் டாக்டர் இல்லாமல் வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் 14446-க்குக் கூப்பிடுங்கள், போதை மீட்புக்கான மத்திய அரசு எண். மனநல ஆலோசனைக்கு 14416. கடைசியாக ஒன்று கேளுங்கள், சட்டத்தில் இல்லை, நான் கேட்கச் சொல்வது: ‘பாடப் புத்தகம் கொண்டு வரலாமா?’ அவர்கள் முகம் போகும் போக்கைப் பாருங்கள்.

“டீச்சர், எனக்கு 17. மூணு மாசம் ஆச்சு. திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போகணும். பசங்க எல்லாருக்கும் தெரியும். ‘என்னடா, எங்கடா போன’ன்னு கேட்டா என்ன சொல்றது? சிரிப்பாங்க.”
– மேட்டூர்

கண்ணு, சிரிப்பாங்க. முதல் ரெண்டு நாள் சிரிப்பாங்க, வியாழக்கிழமை அவங்களுக்கு வேற விஷயம் கிடைச்சிடும்.

பதிலை இப்பவே ரெடி பண்ணி வெச்சுக்கோ, சின்னதா: ‘உடம்பு சரியில்ல, ட்ரீட்மென்ட்ல இருந்தேன், இப்ப பரவால்ல.’ இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல. கண்ணாடி முன்னாடி நின்னு பத்துத் தடவை சொல்லிப் பாரு. பதினோராவது தடவை உனக்கே போர் அடிக்கும், அப்ப அது சரியா வந்திருச்சுன்னு அர்த்தம். கேக்கறவங்க எல்லாருக்கும் கதை சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ஒருத்தன்கிட்ட மட்டும், உனக்கு நிஜமாவே பிடிச்ச ஒருத்தன்கிட்ட மட்டும், முழுசா சொல்லி வை. இடைவேளையில அவன்கூட இரு. பழைய கூட்டம் கூப்பிட்டா ‘இல்லடா’ன்னு சொல்லிட்டு நடந்துகிட்டே இரு. நின்னு காரணம் சொல்ல ஆரம்பிச்சா மாட்டிக்குவ. டிபன் பாக்ஸைக் காலி பண்ணாம வராத, பசியோட நாலு மணிக்கு வெளிய வராத. திங்கக்கிழமை ராத்திரி எனக்கு ஒரு போஸ்ட் கார்டு போடு. சிரிச்சாங்களா இல்லையான்னு மட்டும் எழுது.

“முதன்முதலில் மதுவிலக்கு கொண்டுவந்ததே நம் சேலத்தில்தானாமே? பின் ஏன் இப்படி?”
– குகை

ஆமாம். 1937 அக்டோபர் 1. ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தபோது முதலில் சேலம் ஜில்லாவில்தான் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அவர் நம் நகராட்சித் தலைவராக இருந்தவர், ஊர்ப்பாசம். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்டத்தான் பிறகு விற்பனை வரி வந்தது. என் பாட்டி அந்த வருஷத் தீபாவளியைப் பற்றிச் சொல்வாள்: ‘தாத்தா கையில இருந்து மொதத் தடவையா முழுக் கூலி வீட்டுக்கு வந்துச்சு, எனக்கு என்ன வாங்கறதுன்னே தெரியல.’ என்ன வாங்கினாய் என்று கேட்டால், ஒரு பித்தளைக் குடம் என்பாள். பின் ஏன் இப்படி என்பதற்கு இந்தப் பக்கத்தில் இடம் பத்தாது. ஆசிரியரும் வெட்டிவிடுவார்.

“உங்கள் மாடியில் இடம் இருக்கிறதா? பெண் பிள்ளை. மாத்திரை. 16 வயது. யாரிடமும் சொல்ல முடியவில்லை.”
– ஊர் வேண்டாம்

இருக்கிறது. பெண் பிள்ளைகள் வருவதில்லை என்று நினைக்க வேண்டாம். இப்போது ஒருத்தி இருக்கிறாள், உங்கள் மகள் இரண்டாவது. பத்திரிகை ஆபீசுக்கு எழுதினால் என் விலாசம் தருவார்கள். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வாருங்கள், மற்றவர்கள் வர அரை மணி நேரம் இருக்கும். தெருவில் யாராவது கேட்டால் ஜாக்கெட் தைக்க வந்தோம் என்று சொல்லுங்கள். முதல் தடவை அவளைக் கூட்டி வராவிட்டாலும் பரவாயில்லை. பழைய கணக்கு நோட்டு இருந்தால் எடுத்து வாருங்கள். கிழிந்திருந்தாலும் சரி.